எலி வளைக்குக் காவல்

பாம்! பாம்! என்று அலறிக்கொண்டே வந்த ஜீப், ஆரம்பாக்கம் மாலை வகுப்புக் கொட்டகையின் வேலியை இடிக்காத குறையாக நின்றது. உள்ளே இருளர் பழங்குடி வீட்டுப் பெண்கள் பதினோரு பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

அவர்களில் பூமிகா மட்டும் எழுந்து வாசலுக்கு வந்தாள். அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் காட்டாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். ஏழு வாரம் அலையவிட்ட பிறகு, விசாரணைக்காக அதிகாரி சந்திரமோகன் இன்றுதான் மனமிரங்கி எழுந்தருளியிருக்கிறார். கூடவே கைபேசியும் கையுமாக உதவியாளர் விமல்.

இஸ்திரி போட்ட அவள் சுடிதாரைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் சுளித்தது.

"நீ இருளரா? பாத்தா அப்டித் தெரியலையே!"

எப்படித் தெரிய வேண்டுமாம்? இலை கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமோ? பூமிகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சார், அவங்க அப்பாவோட சான்றிதழே இருக்கு" என்று நீட்டினாள் கிறிஸ்டினா டீச்சர். "இங்க இவங்க பாட்டு, மூலிகை எல்லாத்தையும் இவங்க பேச்சுலயே எழுதறாங்க. செவுத்தைப் பாருங்க, எலி வளை படம்கூட இவ வரைஞ்சதுதான்."

சுவரைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? "பேப்பர் யார் வேணா காட்டுவாங்க. நிஜ இருளர்னா ஒரு எலி புடிச்சுக் காட்டட்டும்."

"இன்னா சார் அநியாயம் இது?"

"உடுங்க டீச்சர்" என்றாள் பூமிகா. "சார் ஆசைப்படறாரு. புடிச்சுக் காட்டிடலாம்."

வகுப்பில் பாடத்துக்கு வைத்திருந்த புகைப்பானையோடு வரப்புக்கு நடந்தாள். வளையின் இரண்டு வாயை மண்ணால் அடைத்தாள். எலி பிடிக்க வந்தால் யாரும் சும்மா நிற்கக் கூடாது, ஆளுக்கொரு வேலை உண்டு. ஒன்றும் தெரியாத பொடிசுகளுக்கு, எலி தப்பி வரும் கடைசி வாயில் துணியைப் பிடிக்கும் வேலை. அதை அதிகாரிக்குக் கொடுத்தாள்.

"குந்துங்க சார். துண்டை இறுக்கிப் புடிங்க. எங்க ஏஞ்சல் பாப்பாவே இதைச் செய்யும். ஆறு வயசு."

பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விமல் கைபேசியை உயர்த்தினான்.

இன்னொரு வாயில் பானையை வைத்து வைக்கோல் புகையை உள்ளே ஊதினாள். மூன்றே நிமிடம். துண்டுக்கடியில் ஏதோ துள்ளியதும், "ஐயோ அம்மா!" என்று அதிகாரி துண்டை விட்டெறிந்து சேற்றில் மல்லாந்தார். அவர் கால்சட்டைமீது ஏறிய எலியைப் பூமிகா ஒரே பிடியில் கழுத்தோடு தூக்கினாள்.

"சாரு வேலையையும் நானே பாத்துட்டேன். போதுமா சார்?"

சேறு சொட்டச் சொட்ட ஜீப்புக்குப் போனவர், கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். சான்றிதழ்! கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. தேதியைப் பார்த்ததும் பூமிகாவின் சிரிப்பு நின்றது.

"சார், இதுல நேத்து தேதி போட்டுக்கீது. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

சந்திரமோகன் விமலின் கைபேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆமாம்மா, அதெல்லாம் நேத்தே முடிஞ்சுது. எம் பொண்ணு ஸ்கூல்ல பழங்குடிங்களைப் பத்தி ஒரு வீடியோ கேட்டுக்கிறாங்க, அதுக்குத்தான் வந்தேன்... டேய் விமல், நான் வுழுந்ததை மட்டும் வெட்டிடு!"