திருத்தப்பட்ட பட்டியல்

மலம் கறுப்பாகப் போக ஆரம்பித்து நான்கு நாளாகிறது என்பதைக் குமாஸ்தா மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பொது மருத்துவரிடம் மட்டும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் நிமிர்ந்தார். "உள்ள எங்கயோ ரத்தம் கசியுது. இந்த வாரமே எண்டோஸ்கோப்பி பண்ணிடுங்க. தள்ளிப்போடாதீங்க."

குமாஸ்தாவின் வயிறு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவருடைய அப்பாவைக் கொண்டுபோனதும் வயிற்றில் வந்த புற்றுதான்.

ஆனால் எங்கே போவது என்ற கவலை அவருக்கு இல்லை. அரசுக் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்ளும் வயிற்று, குடல் மருத்துவமனைகளின் பட்டியலைத் தயாரிப்பவரே அவர்தான். காப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு வருடமாக அதே நாற்காலி. தயாரிப்பது என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் மேலே இருக்கும் தேதியை மாற்றி, 'திருத்தப்பட்டது' என்று தடித்த எழுத்தில் போடுவது. டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். அதில் பெருமை வேறு.

பட்டியலில் ஏழு இடங்கள். முதல் இடம் மெத்தைக் கடையாகியிருந்தது. "படுத்துப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர். இவரும் படுத்துப் பார்த்தார். அப்போது அவருக்குக் கொஞ்சம் படுக்கத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாவது இடத்தில் வரவேற்புப் பெண் அட்டையைத் திருப்பித் தள்ளினாள். "இதை வாங்கறத நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு. எவனோ இன்னும் லிஸ்ட்ல போட்டு வச்சிருக்கான்." அந்த எவனோ அசடு வழியச் சிரித்துவிட்டு வெளியே வந்தான். மூன்றாவது இடத்தில் பல் மட்டும் பார்த்தார்கள்.

அதற்கு மேல் நடக்கத் தெம்பில்லை. நடைபாதை ஓரம் உட்கார்ந்து நான்காவது இடத்தின் எண்ணை அழுத்தினார். இரும்பை அராவும் சத்தம் கேட்டு நின்றது.

"சொல்லுங்க. வயிறா?"

"ஆமா... குடல் மருத்துவமனைதானே?"

"இல்லைங்க, பூட்டு ரிப்பேர்க் கடை. லிஸ்ட்ல நம்பர் தப்பு. அது கெடக்கட்டும். எரிச்சலா, ரத்தமா?"

வீட்டில் சொல்லாததையெல்லாம் குமாஸ்தா பூட்டுக்காரரிடம் கொட்டினார்.

"பஸ் டிப்போவுக்குப் பின்னால ஒரு சின்ன கிளினிக் இருக்கு. அட்டைய வாங்கிக்குவாங்க. காலைல ஏழு மணிக்கு டோக்கன், வெறும் வயித்தோட போங்க. முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லணும். அடுத்து கேக்கறவங்களுக்கு உதவும்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலைவலி?"

"ஆரம்பத்துல ராங் நம்பர்னு வச்சிடுவேன். ஒரு அம்மா மூணு தடவை கூப்பிட்டாங்க. மூணாவது தடவை கத்திட்டேன். அப்புறம் கூப்பிடவே இல்ல. பொழச்சாங்களான்னு தெரியல. அதுலேர்ந்து விசாரிச்சு வச்சுக்கறேன். ஆபீசுக்கு நாலு லெட்டர் போட்டேன், ஒருத்தனும் கண்டுக்கல."

நான்கு கடிதமும் குமாஸ்தாவுக்கு நினைவிருந்தது. 'பரிசீலனையில்' என்று முத்திரை குத்திக் கோப்பில் போட்டவர் அவர்தான். கோணாமல் விழ வேண்டுமே என்று கவனமாக வேறு குத்தியிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உண்மை தெரிந்தால் இந்த மனிதர் டோக்கன் நேரத்தை மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவ்வளவுதான் ஆள்.

இரண்டாம் நாள் டிப்போவுக்குப் பின்னால் இருந்த கிளினிக்கில் குழாய் உள்ளே போய் வெளியே வந்தது. "புண்தான். மாத்திரையிலயே ஆறிடும்" என்றார் டாக்டர். குமாஸ்தா படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"வெறும் புண்தானாம்."

"அப்பாடா. நல்லதாப் போச்சு."

"அந்த லிஸ்ட்டைப் போட்டது நான்தாங்க. உங்க லெட்டர் நாலும் எங்கிட்டதான் இருக்கு."

அராவும் சத்தம் நின்றது. குமாஸ்தா வசவுக்குக் காத்திருந்தார்.

"அந்த அம்மா நம்பரை நான் எழுதி வச்சிருக்கேன்" என்றார் பூட்டுக்காரர் கடைசியில். "இத்தனை வருஷமா கூப்பிடத் தைரியம் வரல. நீங்க கூப்பிட்டுப் பாக்கறீங்களா?"

குமாஸ்தா மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, எழுதிய எண் சரிதானா என்று திருப்பிப் படித்துக் காட்டினார். அப்புறம் பூட்டுக்காரரின் அழைப்பை வைத்துவிட்டு, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது.