பலகை தொங்குமுன்

வாடகை வீட்டுக்காகத் தெருத்தெருவாய் அலைவது என்றால் என்னவென்று பெயிண்டரின் மனைவிக்குத் தெரியாமலே இருந்தது. கல்யாணமானதிலிருந்து நான்கு வீடு மாறியிருந்தாள். ஒரு தரகர் முகத்திலும் விழித்ததில்லை. குடியிருந்தவர்கள் கிளம்பினால் வீட்டுக்காரர்கள் முதலில் கூப்பிடுவது வெள்ளையடிக்கிறவரைத்தானே. 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குமுன் சேதி அவள் வீட்டுக்கு வந்துவிடும். காலி வீட்டை அவளுக்குக் காட்டும்போதே, சுவரிலுள்ள கறைகளை வைத்து முன்பு இருந்தவர்களின் குடித்தனத்தை அளந்துவிடுவார் பெயிண்டர்.

"அடுப்புப் பக்கம் பாரு, ஒரே கரி. மகராசி எல்லாத்தையும் தீய விட்டிருக்கா."

"நம்ம சுவரைப் பாத்து எவன் என்ன சொல்லுவானோ?"

"புருஷனுக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லுவான்."

அந்த வாய் போன மழைக்காலத்தில் ஓய்ந்தது. அடுத்து, இருந்த வீட்டை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அவளுடைய தையல் வருமானத்துக்கு ஏற்ற ஓர் அறைகூட அகப்படவில்லை. தரகர் காட்டியதெல்லாம் யானை விலை, குதிரை விலை. அலைந்து அலுத்தவள் ஒருநாள் காலையில் பெயிண்ட் கடைக்குப் போனாள்.

"தம்பி, சின்ன இடத்துக்கு வெள்ளையடிக்க யாராவது சுண்ணாம்பு கேட்டாங்களா?"

கடைக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அண்ணன் மூளை அப்படியே அண்ணிக்கு வந்திருக்கு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நர்ஸம்மா வீடு. கொல்லைப்பக்கம் ஒரு ரூம். சீக்கிரம் போங்க."

ஓய்வுபெற்ற அந்த நர்ஸம்மா கதவைப் பாதி திறந்து கேட்டாள். "எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டே பேருதாம்மா."

"அப்பச் சரி. தனி ஆளுக்கு நான் குடுக்கறதில்ல. உடம்புக்கு வந்தா யாரு பாக்கறது? வேலையில பாத்ததே போதும். வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

தான் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது. இன்னும் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் போதும், சாவி கைக்கு வந்துவிடும்.

"தப்பாச் சொல்லிட்டேம்மா. அவர் தவறிட்டாரு. நாக்கு இன்னும் பழகல. நான் மட்டும்தான்."

நர்ஸம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மறைச்சிருந்தா எனக்கென்ன தெரியப் போகுது?"

"நீங்க தினம் வீட்டுக்காரர் எங்கேன்னு கேப்பீங்க. தினம் எந்த ஊருக்கு அவரை அனுப்பறது?"

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. "நானும் தனி ஆளுதான். ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துட்டா வெந்நீர் யாரு வைக்கிறது?"

"முறை வச்சுப் படுத்துக்கலாம்மா."

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வெள்ளையடிக்க இன்னும் ஆள் வரல."

"நானே அடிச்சுக்கறேன். அந்தக் கூலியை வாடகையில கழிச்சுக்குங்க."

"உனக்கு அடிக்கத் தெரியுமா?"

"கலக்கத் தெரியும்."

சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, சுவரோரம் சாய்ந்திருந்த ஏணியை இழுத்தாள் நர்ஸம்மா. "ஏறு, நான் பிடிச்சுக்கறேன். வந்த அன்னிக்கே விழுந்து எனக்கு வேலை வைக்காதே."