பொலி கேட்காத காலை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தக் கம்பளியை ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு குரல் கொடுக்காமலே சீமைக் கம்பெனியை வழிக்குக் கொண்டுவந்த ஜெயலெட்சுமியின் கதை சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. பதுளை அரசாங்கக் கச்சேரியில் கொடி மாறிவிட்டது. தோட்டத்தில் அதே வெள்ளைக்காரத் துரை, அதே கம்பெனி. தேயிலையைக் கப்பலேற்றியது போதாதென்று தண்ணீரிலும் கை வைத்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனம் குடித்துக் குளித்த, தண்ணீர் கொட்டும் பீலிக்கு வரும் ஊற்றை, குழாய் போட்டுத் தொழிற்சாலையின் புது இயந்திரத்துக்குத் திருப்பினார் துரை. பீலி வறண்டது. ஜெயலெட்சுமியின் மருமகள் நிறைமாதக்காரி. பள்ளத்து ஆற்றிலிருந்து குடம் சுமந்து ஏறியவள், பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெயலெட்சுமி குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேல்மலையில் கொழுந்து எடுக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம்: பீலித் தண்ணீரில் கை நனைத்த ஒருத்தி "பொலியோ பொலி" என்று விளைச்சல் பெருகக் குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கொழுந்தில் கை வைப்பார்கள். அந்தக் கைராசி ஜெயலெட்சுமிக்கு.

பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு தேயிலை நிரையில் நின்றார்கள். பொலிச் சத்தம் வரவில்லை.

பெரிய கிளாக்கர் பரமலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், குடையோடு ஓடிவந்தார். "என்ன பிள்ளையள், ஸ்ட்ரைக்கே?"

"இல்லீங்க ஐயா," என்றாள் ஜெயலெட்சுமி. "பெரட்டுக்கு வந்துட்டோம், நெரையில நிக்கிறோம். கை நனைக்கத்தான் பீலியில தண்ணி இல்ல."

"அப்ப நான் சொல்லுறன். பொலி, பொலி."

"ஐயா சொன்னா ஐயாதான் மொதல்ல கிள்ளணும். கூடை தரவாங்க?" என்றாள் பக்கத்து நிரை ராக்காயி. மலை முழுக்கச் சிரிப்பு.

துரை வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பங்களாவிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வரவழைத்தார். "இந்தா, கை களுவு. இல்லே, பேர் வெட்டும்."

ஜெயலெட்சுமிக்குத் தெரியும்: பேரை வெட்டினால் வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? இருந்தாலும் கும்பிட்டுச் சொன்னாள்: "தொரை வீட்டுத் தண்ணிக்குத் தொரைதாங்க பொலி சொல்லணும். நாங்க பின்னாலயே எடுக்கிறோம். பேரை வெட்டுறதுன்னா எல்லாப் பேரையும் வெட்டுங்க. இங்க நிக்கிற அத்தன கையும் காஞ்சுதான் கெடக்கு."

நிரையில் ஒருத்தியும் அசையவில்லை.

வெயில் ஏறியது. நாள் தவறிய கொழுந்து முற்றிப்போகும். முற்றியதைச் சீமையில் சீந்த மாட்டார்கள். கீழே புது இயந்திரம் இலையில்லாமல் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. துரை அந்தச் சத்தத்தைக் கேட்டார், நிரையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"கிளாக்கர், குழாய் களட்டு."

ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றுவது அன்று முதல் இயந்திரத்தின் பாடாயிற்று. மத்தியானம் பீலியில் சேறு விழுந்தது, பிறகு தெளிந்த நீர். ஜெயலெட்சுமி கை நனைத்தாள். ஈரம் சொட்டச் சொட்ட மலையேறி ஒரு பொலி கொடுத்தாள் பாருங்கள், பள்ளத்து ஆறு வரைக்கும் கேட்டது. அந்த வாரம் பிறந்த பேத்தியைப் பீலித் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள்.

உங்கள் வீட்டுக் குடமும் ஒருநாளும் வெறுமையாய் இருக்க வேண்டாம். பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் வாசலிலேயே தண்ணீர் விழட்டும். உங்கள் குடும்பம் பொலியட்டும், கண்ணுகளா.