பழைய போனும் பதினேழாவது விதியும்

தன் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களை எல்லாம் எழுதச் சொன்னால், ஒருபக்கத்தார் அவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவார். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதையே அதுதான். அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது அவர் வேலை. இரண்டரைப் பக்கம் நீளும் விஷயத்தை யார் கொண்டுவந்து கொட்டினாலும், எழுத்தைக் கொஞ்சம் சுருக்கி, வரிகளை நெருக்கி, ஓரத்தில் கொஞ்சம் திருடி, ஒரே பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. அடங்கியதா என்று பார்ப்பாரே தவிர, என்ன அடங்கியது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. படிப்பது வேறு ஆளின் வேலை என்பது அவர் கட்சி.

நன்றாக வந்த பக்கத்துக்கு மட்டும் ஓர் அடையாளம் வைப்பார். கடைசி வரியில் அச்சகத்தின் முகவரி இருக்குமல்லவா, அதற்கு அந்தப்பக்கம் ஒரு குட்டி நட்சத்திரம். குண்டூசி முனை அளவு. அது அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் பரிசு. வேறு யார் கொடுக்கப்போகிறார்கள்?

இப்படிப்பட்ட மேதாவிதான் ஒரு சனிக்கிழமை காலை, மனைவியின் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, "வருஷம் ஒரு போன்" என்று விளம்பரம் செய்த கடைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தார்.

மனைவி தையல்காரர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. முன்பெல்லாம் அளவுகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். "எந்தக் காலத்துல இருக்கே நீ? எல்லாத்தையும் போன்ல பேசி வச்சுக்கோ" என்று அறிவுரை சொன்னவர் ஒருபக்கத்தார். அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட புண்ணியவானும் அவரே. அதிலிருந்து மூன்று வருஷமாக அளவெல்லாம் மனைவியின் குரலில் போனுக்குள் கிடந்தது. "டீச்சரம்மா. தோள் பதினாலு. இடது தோள் கொஞ்சம் இறக்கம், அவங்ககிட்ட சொல்லக்கூடாது." "பேங்க் அம்மா. இடுப்பு முப்பத்தாறு, ஆனா முப்பத்திநாலுன்னுதான் சொல்வாங்க, கண்டுக்காதே." இப்படி இருநூற்றுச் சொச்சம் பேர்.

போனின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. புதுசாக மாற்றிக் கொடுத்து மனைவியை அசத்தவேண்டும் என்பது திட்டம். கடையில் ஒரு பெண் சிரித்த முகமாகப் பழைய போனை வாங்கி ஒரு உறைக்குள் போட்டாள்.

"உள்ள இருக்கிறதெல்லாம்?" என்று கேட்டார்.

"அது தானா புது போனுக்கு வந்துடும் சார். இங்க ஒரு கையெழுத்து."

மூன்றாக மடித்த நீலத் தாள். கையெழுத்துப் போடும் இடம் திருமண மண்டபம் மாதிரி விசாலமாக இருந்தது. அதற்கு மேலே இருபத்திரண்டு விதிகள் எறும்புச் சாரியாகப் போயின. ஒருபக்கத்தார் ஒரு நிமிஷம் அதை ரசித்துப் பார்த்தார். 'எவனோ கெட்டிக்காரன். என்னமா அடக்கியிருக்கான்!' என்று மனதுக்குள் மெச்சினார். பிறகு படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

புது போன் அன்றைக்கு வரவில்லை. ஸ்டாக் இல்லையாம், அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம். நாலாவது வாரம், "சரிம்மா, புதுசு வேண்டாம், எங்க பழசையே குடுத்துடு" என்றார் ஒருபக்கத்தார்.

"அது முடியாது சார். பதினேழாவது விதிப்படி பழைய போன் இப்ப கம்பெனியோடது. தொண்ணூறு நாள்ல உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சுடுவாங்க."

"அப்ப புது போன்?"

"அது இருப்பைப் பொறுத்து. அதுவும் பதினேழுலயே இருக்கு சார்."

ஒருபக்கத்தார் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

வீட்டில் மனைவி சத்தம் போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. தேடி வந்தவர்களை எல்லாம் மறுபடி நிற்க வைத்து டேப்பைப் பிடித்தார். பாதிப் பேர், "அதான் போன தடவையே எடுத்தீங்களே" என்று முகம் சுளித்து அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். டீச்சரம்மாவுக்குத் தைத்த சட்டை இடது தோளில் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த அம்மா காசைக் கொடுத்து வாங்கிப் போனார். திரும்பி வரவேயில்லை.

"பதினொரு வருஷமா வர்றவங்க" என்றார் மனைவி. அவ்வளவுதான். ஒருபக்கத்தார் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"கேஸ் போடறேன். அழிக்கிறதுக்குள்ள உன் போனைக் கொண்டுவந்து உன் கையில குடுக்கலைன்னா பாரு" என்று சபதம் செய்தார்.

"சும்மா இருங்க, அது போதும்" என்றார் மனைவி.

வக்கீல் வைக்காமல் நுகர்வோர் மன்றத்துக்குத் தானே புகார் எழுதினார். ஆத்திரம் பதினோரு பக்கம் வந்தது. அதைத் தட்டச்சு செய்யும்போது கை தன் பாட்டுக்கு வேலை பார்த்துவிட்டது. மன்றத்துக் குமாஸ்தா தாளை வாங்கி, தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார், வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"என்ன சார் இது?"

"புகார். எழுத்தைப் பொடியாப் போட்டு என்னை ஏமாத்திட்டாங்க."

"இதை யாரு படிக்கிறது? பெரிசா அடிச்சுக் கொண்டாங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருபக்கத்தாரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது?

போனைக் கொடுத்த நாளிலிருந்து எண்பத்திரண்டாவது நாளுக்கு விசாரணை குறித்தார்கள். முந்தின நாள் மத்தியானம் அச்சகத்தில் வேலை ஓய்ந்திருந்தபோது, அந்த நீலத் தாளை எடுத்து, அச்சின் புள்ளிகளைப் பார்க்கும் லென்ஸை வைத்துப் பதினேழாவது விதியைத் தேடிப் பிடித்தார். படித்தார். அப்படியே லென்ஸை நகர்த்திக்கொண்டு கடைசி வரிக்கு வந்தார். அச்சகத்தின் முகவரி. அவர் உட்கார்ந்திருக்கும் அதே அச்சகம். அதற்கு அந்தப்பக்கம், குண்டூசி முனை அளவில், ஒரு நட்சத்திரம்.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நட்சத்திரம் அங்கேயேதான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த வேலை. கணினியில் தேடினால் மொத்தமும் கிடைத்தது. கம்பெனி அனுப்பியது ஒன்பது பாயிண்ட் எழுத்தில் மூன்று பக்கம். கூடவே ஒரு குறிப்பு: 'கையெழுத்து இடம் பெரிதாக இருக்கட்டும். மற்றதை எல்லாம் ஒரே பக்கத்தில் அடக்கவும்.' அதை ஐந்து பாயிண்டுக்கு இறக்கி, வரியை வரி உரச நெருக்கி, ஓரத்தைத் திருடி அடக்கியவர் சாட்சாத் இவரேதான். எவனோ கெட்டிக்காரன் என்று கடையில் நின்று மெச்சினாரே, அந்தக் கெட்டிக்காரனை நிற்கவைத்து நாலு அறை விடலாம் போலிருந்தது. தன் கன்னத்தைத் தானே அறைந்துகொள்ள அச்சகம் தோதான இடமில்லை என்பதால் விட்டுவிட்டார்.

குறிப்பை ஒரு பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதைக் காட்டினால், எழுத்தைப் பொடியாக்கியவன் யார் என்றும் சொல்லியாகவேண்டும். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மன்றம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. மின்விசிறி ஒன்று சுற்றியது, ஒன்று சத்தம் மட்டும் போட்டது. மனைவி வேலையைப் பாதியில் விட்டு வந்ததால் கழுத்தில் டேப் தொங்கியது. எடுக்க மறந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மன்றத் தலைவர் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். கம்பெனி வக்கீல் எழுந்து, "அம்மா, வழக்கமான படிவம்தான். வழக்கமான எழுத்துதான். மனுதாரர் படிக்கலைன்னா அது அவர் சோம்பேறித்தனம். வேணும்னே சுருக்கினோம்ங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது" என்றார்.

தலைவர் ஒருபக்கத்தாரைப் பார்த்தார். "வேணும்னே சுருக்கினாங்கன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்? ஆதாரம் ஏதாவது இருக்கா?"

சட்டைப்பை கனத்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் மானம் மிஞ்சும், போன் போய்விடும். இன்னும் எட்டு நாள்தான். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"இருக்குங்கம்மா" என்றார் ஒருபக்கத்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். "அதைச் சுருக்கினவனே நான்தான்."

அவர் குறிப்பை நீட்டினார். ஒன்பது பாயிண்ட், ஐந்து பாயிண்ட், மூன்று பக்கம், ஒரு பக்கம் எல்லாவற்றையும் சொன்னார். நட்சத்திரத்தையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "அம்மா, இவரே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டார்! அப்ப இவருக்கு விதி எல்லாம் முன்னாடியே தெரியும்!"

"தெரியாதுங்க" என்றார் ஒருபக்கத்தார். "நான் எதையும் படிக்கிறதில்ல. முப்பது வருஷத்துல ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல. அடங்குதான்னு பார்ப்பேன், அவ்வளவுதான். வெட்கமாத்தான் இருக்கு. ஆனா அதுதான் நெசம். வேலை செஞ்ச நானே படிக்கலைன்னா, கடைக்கு வந்து நிக்கிறவங்க எப்படிம்மா படிப்பாங்க?"

தலைவர் நீலத் தாளை வக்கீல் பக்கம் தள்ளினார். "பதினேழைப் படிங்க."

வக்கீல் தன் கோப்பிலிருந்து பெரிய எழுத்துத் தாள் ஒன்றை உருவினார்.

"அது வேண்டாம். வாடிக்கையாளருக்குக் குடுத்ததைப் படிங்க."

வக்கீல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "பழைய கருவி... கருவியின்..." என்று ஆரம்பித்தார். பிறகு பதினெட்டுக்குத் தாவினார். பிறகு பதினாறுக்கு வந்தார். கடைசியில் குமாஸ்தாவிடம் கண்ணாடியை இரவல் கேட்டார். தலைவர் போதும் என்று கையைக் காட்டினார்.

உத்தரவு மூன்றாம் நாளே வந்தது. போனை உள்ளதை உள்ளபடி நாலு நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். படிவத்தைப் படிக்கும்படி அச்சிடவேண்டும். நஷ்ட ஈடு கிடையாது. காரணமும் எழுதியிருந்தது: 'இந்தத் தவறில் மனுதாரரின் கைத்திறனுக்கும் பங்கு உண்டு.' அவர் திறமையைப் பாராட்டி அரசாங்க முத்திரையோடு வந்த ஒரே சான்றிதழ் அதுதான்.

விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மனைவி அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. வாயைத் திறந்து திட்டமாட்டாரா என்று ஒருபக்கத்தார் ஏங்கினார்.

போனை வாங்கக் கடைக்கு இருவரும் போனார்கள். அதே பெண், அதே சிரிப்பு. "இங்க ஒரு கையெழுத்து சார்" என்று ரசீதை நீட்டினாள். ஒருபக்கத்தாரின் கை பேனாவுக்குப் போனது. மனைவி தாளை வெடுக்கென்று உருவிக்கொண்டார். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. படித்து முடித்து, "இப்பப் போடுங்க" என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டார். "டீச்சரம்மா. தோள் பதினாலு" என்று அவர் குரலே உள்ளிருந்து சொன்னது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு அதை முழுசாகக் கேட்டார். அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒருபக்கத்தாருக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

பிறகு மனைவி பழைய செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. போனை ஒருபக்கத்தாரின் மடியில் வைத்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் அனுப்பிய படம். அதே நீலத் தாள், பக்கம் முழுக்க எறும்புச் சாரி. அதற்குக் கீழே மனைவி கேட்டிருந்தார்: 'ஒண்ணுமே தெரியலையே. என்ன எழுதியிருக்கு?'

அதற்குக் கீழே அவர் பதில்: 'அதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க? அழகா இருக்கா, அதைச் சொல்லு.'

ஒருபக்கத்தார் இரண்டு தடவை படித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு கவனமாக எதையும் படித்ததில்லை. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அதுக்குக் கீழேயும் ஒண்ணு இருக்கு பாருங்க" என்றார் மனைவி.

தள்ளிப் பார்த்தார். மனைவி எழுதியது. 'ரொம்ப அழகா இருக்கு.'

"நானும்ல சொல்லித் தொலைச்சிருக்கேன்" என்றார் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஒருபக்கத்தார் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். மனைவி சிரித்துக்கொண்டிருந்தார்.