படத்துக்குப் பின்னால் பீமாராவ்

செல்லூரில் விசைத்தறிப் பட்டறைகளுக்கு நடுவே குடியிருக்கும் சுடலைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். ஓடுகிற படத்தை அவரைத் தவிர யாரும் நிறுத்தக் கூடாது.

மகன் பீமாராவ் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகும்போது, டிவி பக்கத்தில் டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனான். ஊர்ப்பட்ட படங்கள் அதற்குள் இருந்தன. அங்கிருந்தபடியே உள்ளே புகுந்து பழுது பார்க்கவும் வழி செய்திருந்தான். போன புதிதில் ஒருநாள், வில்லன் மனந்திருந்திக் காலில் விழும் நேரமாகப் பார்த்து, தெரியாத்தனமாக அதை அணைத்துப் போட்டுவிட்டான். சுடலை போட்ட சத்தத்தில் பதினோரு தறிகளில் இழை அறுந்தது. வைகையைக் கடந்துகொண்டிருந்த எருமை ஒன்று நடுவழியில் உட்கார்ந்துவிட்டது. நம்பாதவர்கள் செல்லூரில் விசாரிக்கலாம். விசாரித்தால் பன்னிரண்டு தறி என்பார்கள்.

அதற்குப் பிறகு பீமாராவ் பூனை மாதிரி வந்துபோகக் கற்றுக்கொண்டான். வெறும் எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரை ஒன்றின் வழியாக நுழைவான். முன்னால் படம் பாட்டுக்கு ஓடும். பின்னால் இவன் குப்பையைக் கூட்டுவான், புதுப் படம் ஏற்றுவான். படம் ஒரு சிமிட்டுக்கூடச் சிமிட்டாது.

"பந்தி நடக்கும்போதே, சாப்பிடுறவனுக்குத் தெரியாம பாய உருவிட்டு வேற பாய் விரிக்கிற வேலை இது" என்று மனைவி முத்துமீனாவிடம் போனில் பீற்றிக்கொண்டான்.

"அம்புட்டுத் தெறமை இருக்கவரு, அப்படியே இந்தப் பக்கமும் கொஞ்சம் வந்துட்டுப் போகலாம்ல?" என்றாள் அவள்.

அதற்கு மட்டும் அவனிடம் வழி இல்லை.

வேலை முடிந்தாலும் அவனுக்கு வெளியேற மனம் வராது. படம் அவன் பக்கம் தெரியாது. என்ன படம், எந்த இடம், சத்தம் எவ்வளவு, அவ்வளவுதான் தெரியும். அவனுக்கு அதுவே ஜன்னல். சத்தம் ஏறினால் பக்கத்துப் பட்டறையில் தறி ஓடுகிறது. இறங்கினால் தறிக்காரர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சட்டென்று நின்றால் அய்யா எழுந்து கொல்லைப்பக்கம் போகிறார். சர்க்கரை உள்ள மனிதர், இடைவேளை வரை தாங்க மாட்டார். சண்டைக் காட்சி விருட்டென்று தாண்டப்பட்டால் ரிமோட் முத்துமீனா கையில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது, அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் பீமாராவுக்கு அவள் கட்டைவிரல் தன் மேல் பட்டது போல இருக்கும்.

"நான் எப்ப உள்ள வந்தாலும் படம் ஓடணும் மீனா. ஓடலைன்னா வீடே இல்லாத மாதிரி இருக்கு" என்று ஒருமுறை சொல்லியும்விட்டான்.

இப்போது ஒரு சங்கடம். அப்டேட் ஒன்று போட்டாகிவிட்டது. அது பிடிக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரை ஒருதரம் அணைத்துப் போட வேண்டும். அவனுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். படம் முடியட்டும் என்று கொக்காகக் காத்திருந்தான். ஒரு படம் முடிந்தால் மூச்சு விடாமல் அடுத்தது தொடங்கியது. போன ஞாயிறும் இதே கதை, அதற்கு முந்தின ஞாயிறும் இதே கதை.

இந்த ஞாயிறு அவனுக்கு என்னவோ உறுத்தியது. தறி ஓடாத நாள். சத்தம் மட்டும் தறி ஓடும் அளவிலேயே நின்றது. காலையிலிருந்து ஒருதரமும் நிற்கவில்லை. இரண்டு சண்டை முழுசாக ஓடி முடிந்தது. அய்யா எழுந்திருக்கவில்லை, முத்துமீனா ரிமோட்டைத் தொடவில்லை.

போன் போட்டான். எடுக்கவில்லை. அய்யாவுக்குப் போட்டான். அதுவும் அடித்து ஓய்ந்தது. கடைசியில், செய்யக் கூடாததைச் செய்தான். படத்தை நிறுத்தினான்.

நிறுத்திவிட்டு, அய்யாவின் வசவுக்காகப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அப்பன் திட்டு வாங்க இப்படி ஏங்கிக் கிடந்த பிள்ளை அவர்கள் சொந்த ஊரான எழுமலை வட்டாரத்திலேயே கிடையாது. வசவு வரவில்லை. நெடுநேரம் கழித்து முத்துமீனாதான் கூப்பிட்டாள்.

"ஏங்க, கூப்பிட்டிருந்தீங்களா? படச் சத்தத்துல கேக்கலைங்க. மாமா ஒரே விசிலு."

அவள் பின்னால் ஒரு ஆடு கத்தியது.

"ஆடு கத்துதே?"

"அது படத்துலங்க."

"படத்த நான் நிறுத்தி ரொம்ப நேரம் ஆச்சு மீனா."

ஆடு இன்னொரு தடவை கத்தியது. பிறகு போன் கைமாறியது.

"எவன்டா படத்த நிறுத்துனவன்?"

பீமாராவுக்கு உயிர் வந்தது. "அய்யா, எங்க இருக்கீக?"

"எழுமலையில, நம்ம கடலைக் காட்டுல. கடலை புடுங்க ஆள் கெடைக்கல. ஞாயித்துக்கிழமையானா நாங்களே விடிய வந்து புடுங்கிட்டு, பொழுதுசாய பஸ் ஏறிருவோம். நீ எட்டிப் பாக்கும்போது வீடு வெறிச்சுனு கெடந்தா ஒனக்கு ஏங்கிப் போயிருமாம். ஒம் பொண்டாட்டி வரிசையாப் படத்தப் போட்டுவிட்டு, வீட்டப் பூட்டிட்டு வாரா. ஆளில்லாத வீட்டுல கதாநாயகி மட்டும் தனியா ஆடிக்கிட்டு கெடக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

போன் மறுபடியும் முத்துமீனாவிடம் போனது.

"சொன்னா மட்டும்?" என்றாள் மெதுவாக. "எங்க போனாலும் பஸ் ஏறி நாங்க வீட்டுக்குப் போயிருவோம். நீங்க எங்கங்க போவீங்க?"

அவன் எதிரே திரையில் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது: இப்போது அணைத்துப் போடலாமா? வீடு பூட்டிக் கிடந்தது. படம் நின்றிருந்தது. வசவுக்கு ஆள் இல்லை. இப்படி ஒரு நேரத்துக்குத்தான் அவன் இத்தனை ஞாயிறும் காத்திருந்தான்.

"எப்ப வீட்டுக்குப் போவீங்க?" என்றான்.

"இருட்டிரும்."

"சரி. நீங்க போற வரைக்கும் நான் வீட்டுல இருக்கேன்."

அணைத்துப் போடும் வேலையை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிட்டான். படத்தை, நின்ற இடத்திலிருந்தே ஓட விட்டான்.