மூன்று இருபத்து மூன்று

அவர் கை ஓடிக்கொண்டே இருக்கிறது, கொப்பியின் மேல், இடமிருந்து வலம், கட்டிலில் என் மகள் சுகிர்தா மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள், யன்னலுக்கு வெளியே ஜெர்மனியின் பொஹூம் நகரத்தின் மார்கழி மத்தியானம் சாம்பல் நிறமாய்க் கிடக்கிறது, இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திய மத்தியானம், ஆனால் அந்தக் கை இன்னும் நிற்கவில்லை, எழுதிய என் கணவரை எரித்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகும் நிற்கவில்லை, அலுமாரிக்குள் கிடந்த அந்தக் கொப்பியைத்தான் இப்போது என் சமையலறை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பதிப்பாளன் நவரூபன் தேத்தண்ணி குடிக்கிறான், அதைப் பற்றிச் சாகுமுன் அவரே இவனிடம் சொல்லியிருக்கிறார், அக்கா, தமிழிலை இப்பிடி ஒண்டு ஒருத்தரும் எழுதேல்லை என்கிறான்.

என் கணவர் குணநாயகம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், மிச்ச நேரமெல்லாம் நகர நூலகத்தில் ஜெர்மன் இலக்கியம் படித்தார், சனிக்கிழமைகளில் சிநேகிதர்கள் நாலைந்து பேரை எங்கள் வரவேற்பறையில் இருத்தி வைத்துச் சொல்லுவார், யதார்த்தவாதிகள் வாழ்க்கையிலை வடிவானதைப் பொறுக்கி எடுத்து மெல்லிய திரை போட்டுக் காட்டினவை, பிறகு வந்த இயற்பண்புவாதிகள் அந்தத் திரையைக் கிழிச்சவை, இருமலெண்டால் இருமல், சளியெண்டால் சளி, ஒரு இலை விழுகிறதைக்கூட நொடி நொடியாய் எழுத வேணும், எழுதுறவன் ஒண்டையும் விடக்கூடாது, ஒருமுறை நான் வடைத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டேன், அந்த நொடி நொடியாய் எழுதினவையின்ரை வீட்டிலை உலை ஆர் வைச்சது, எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், இவளுக்கு மூளை முழுக்க அடுப்படியிலை என்றார். பிறகு பிள்ளைக்கு இரத்தப் புற்று வந்தது, ஒன்பது வயது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர் சொன்ன நாளில் அவர் வழியில் இறங்கி ஒரு புதுக் கொப்பி வாங்கினார், நான் சாமிப் படத்துக்கு முன் விழுந்து கிடந்தேன், அவர் கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுதினார், என்னப்பா செய்யிறியள் என்றேன், வேறை என்ன செய்யத் தெரியும் எனக்கு என்றார்.

நவரூபன் உரத்து வாசிக்கிறான், என்னை ஒரு சொல் கேட்காமல் வாசிக்கிறான், மூன்று இருபது, உதட்டில் வெடிப்பு, இடது ஓரத்தில் காய்ந்த இரத்தம், மூன்று இருபத்தொன்று, மேல்வீட்டில் யாரோ தளபாடம் இழுக்கிறார்கள், மூன்று இருபத்திரண்டு, வலது கை அசைந்தது, மூன்று இருபத்துநாலு, மூச்சு இல்லை. என்ன ஒரு நேர்மை அக்கா, அண்ணை எழுதி வைச்ச இயற்பண்புவாதப் புத்தகத்திலை இதைப் பின்னிணைப்பாய்ப் போடுவம், ஒரு எழுத்தும் மாத்த மாட்டன். இருபத்திரண்டுக்குப் பிறகு என்ன வரும் தம்பி என்று கேட்டேன், அவன் விரலை வைத்துப் பார்த்தான், அண்ணை மறந்திருப்பார் அக்கா, பிள்ளை சாகிற நேரமெல்லோ.

மறக்கவில்லை, அன்று நான் அறை வாசலில் நிற்கிறேன், கையில் சுடுதண்ணீர்ப் பேசினும் துவாயும், பிள்ளையின் கை போர்வைக்கு வெளியே வந்து தடவித் தடவி அவரின் சட்டைக்கையைப் பிடிக்கிறது, அப்பா, எழுதினது காணும், போதும், என்ரை கையைப் பிடியுங்கோ என்கிறாள், தெளிவாக, வகுப்பில் எழும்பி நின்று வாசிப்பதுபோல், அவர் நிமிரவில்லை, ஒரு நிமிசம் குஞ்சு என்கிறார், சட்டைக்கையை மெல்ல உருவிக்கொள்கிறார், குனிந்து முந்தின நிமிசத்தை மட்டும் எழுதுகிறார், வலது கை அசைந்தது. கொப்பியில் மேல்வீட்டுத் தளபாடம் வந்தது, என் பிள்ளையின் வாய்ச்சொல் வரவில்லை, திரையைக் கிழித்தாராம், தனக்கு மட்டும் ஒரு துண்டை வைத்துக்கொண்டார், அதன் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன, ஒண்டையும் விடக்கூடாது என்று அதே கதிரையில் இருந்து சொன்னார், நான் வடை சுட்டேன்.

கொப்பியை என் பக்கம் இழுத்தேன், நவரூபனின் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன், அக்கா, அக்கா, மூலப்பிரதியிலை கை வைக்காதேங்கோ, இது அண்ணற்றை எழுத்து என்றான், எழுத்து அவரின்ரை, பிள்ளை என்ரை, சும்மா இருங்கோ தம்பி, இது இல்லாமல் அச்சுக்குப் போகாது என்றேன், இரண்டு வரிகளுக்கிடையில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன், மூன்று இருபத்து மூன்று, அவள் சொன்னதை அவள் சொன்னபடி, அவர் சொன்னதை அவர் சொன்னபடி, நவரூபன் எட்டி வாசித்துவிட்டுக் கேட்கிறான், இவ்வளவும்தானே அக்கா, இல்லை, ஓரம் முடிந்து எழுத்து வளைந்து மேலே ஏறுகிறது, வாசலில் தாய் நின்றாள், பிள்ளை கேட்டது அவளுக்கும் கேட்டது, எட்டு அடி தூரம், அவளும் போய்ப் பிடிக்கவில்லை, பேசின் தண்ணீர் சிந்திவிடும் என்று நின்றாள்.