ஒரு பக்கத்துக்குள்

காலை ஒன்பது ஐம்பதுக்கு ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். மறுபடி மூடுவதற்குள் உடலுக்குக் கையுறைகளை மாட்டிவிட வேண்டும். வலது கையில் எளிதாக ஏறிவிட்டது. இடது கை மடங்கி விறைத்திருந்தது. ரூபி அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கிடார் கம்பி அழுத்திக் காய்த்துப்போயிருந்த நுனிகள், தொடாமல் விட்ட ஆறு மாதத்தில் தோல் உரிந்து, யாருடைய விரல்களோ போல ஆகியிருந்தன.

"சட்ட தொளதொளன்னு தெரியுதுட்டி," என்றாள் அம்மா நேசமணி.

"பின்னால மடிச்சு ஊக்கு குத்தியிருக்கும்மா. போதும்."

அண்ணன் ஜோபினிடம் வெள்ளைச் சட்டை இல்லை. எல்லாம் கறுப்பு டீசர்ட்டுகள். காலையில் கடையைத் திறக்கச் சொல்லி வாங்கி வந்தார்கள். அவனுடைய பழைய அளவைச் சொல்லிவிட்டார்கள். ஈரல் கெட்ட பிறகு அந்த உடம்பு இல்லை என்பது நேற்று ஆஸ்பத்திரியில் அவன் போகும்வரை கூடவே இருந்த ரூபிக்கே மறந்துவிட்டது.

பத்தரைக்குப் போதகர் வந்தார். ஜெபம் முடித்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு மணிக்கு ஆராதன. வாழ்க்கைக் குறிப்பு எழுதியாச்சா? ஒரு பக்கத்துக்குள்ள இருக்கட்டும்மா. பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், படிப்பு, வேல."

வேலை என்றதும் ரூபி அம்மாவைப் பார்த்தாள்.

"பாட்டுத்தான்யா," என்றாள் அம்மா. "மெட்ராஸ்ல குச்சின்னு ஒரு பேண்டு. டிவில எல்லாம் வந்திருக்கான்."

"தம்பி கிறிஸ்தவப் பாட்டு ஏதும் போட்டிருக்காரா?"

"இல்லய்யா," என்றாள் ரூபி.

"கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல கிடார் வாசிச்சிருக்கான்யா," என்றாள் அம்மா. "ஒரு தடவ நாய் விரட்டுச்சு. ஓடிக்கிட்டே வாசிச்சான், நிப்பாட்டல."

"அதப் போட்டுருங்க," என்றார் போதகர். "நாய் வேண்டாம்."

ரூபி உள்ளறைக் கட்டிலில் தாளுடன் உட்கார்ந்தாள். முதல் பத்தி எளிது. தேதிகள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. இரண்டாவது பத்தி: கல்லூரியில் படிக்கும்போது கழுகுமலை கிருஷ்ணகுமாருடன் சேர்ந்து ராக் இசைக்குழு தொடங்கினார். தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் ஒத்திகை பார்த்ததையும், தீக்குச்சி மருந்துக்குப் பக்கத்தில் கரண்டு வயரா என்று முதலாளி விரட்டியதையும் எழுதவில்லை. சென்னை, பெங்களூர், துபாய் என்று எழுதினாள். ஒன்பது வருடங்கள்.

அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"குச்சியில இருந்தான்னு மட்டும் எழுது. வெலகுனதெல்லாம் எதுக்கு? சபையில வாசிக்கப் போறதுட்டி."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோயிலில் கேட்பவர்களிடம், லீவில் வந்திருக்கான் என்றுதான் அம்மா சொல்லிவந்தாள். அவன் குழுவைவிட்டு விலகியது அவளுக்குத் தெரியும். வளசரவாக்கத்தில் ஓர் அறையில் தனியாக ஐந்து பாட்டுகள் பதிவு செய்தது தெரியும். அவன் பெயரில் நடந்த முதல் கச்சேரிக்கு வந்ததில் பாதிப் பேர் அந்த ஹோட்டலில் வேலை பார்ப்பவர்கள் என்பது தெரியும். பிறகு ஊருக்கு வந்து, அம்மன் கோயில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட்டோடு போனதும் தெரியும்.

தெரியாதது ஒன்றுதான். குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த 'உப்புக்கிணறு' பாட்டை எழுதி மெட்டுப் போட்டது ஜோபின். வெளிவந்தபோது பாடல், இசை என்ற இரண்டுக்கும் நேரே கிருஷ்ணகுமாரின் பெயர் இருந்தது.

"அம்மாட்ட சொல்லாதட்டி," என்றான் ஜோபின் அன்றைக்குப் போனில். "அவனுக்குச் சோறு போட்டவ. தாங்கமாட்டா."

அடுத்த மாதம் விலகினான். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா போனதும் ரூபி மூன்றாவது பத்தியை எழுதினாள். குச்சி குழுவின் புகழ்பெற்ற 'உப்புக்கிணறு' பாடலை எழுதி இசையமைத்தவர் ஜோபின். பின்னர் தனியாக ஐந்து பாடல்களை வெளியிட்டார். முதல் வரியை அடித்தாள். அதற்கு மேலே அதையே திரும்ப எழுதினாள்.

ஒரு மணிக்குக் கிருஷ்ணகுமார் வந்தான். மதுரை விமான நிலையத்திலிருந்து கார். தெருவில் நின்றவர்கள் செல்போனை எடுத்தார்கள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு உள்ளே வந்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் வைத்து அழுதான். ரூபி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலையிலிருந்தே அழுகை வரவில்லை.

"கறுப்புச் சட்டயிலயே பாத்திருப்ப," என்றாள் அம்மா. "வெள்ளயில எப்படி இருக்கான் பாரு."

"அம்மா..."

"சாப்பிட்டியாலே?"

"வேண்டாம்மா."

"வெறும் வயித்தோட பெட்டி தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டுல இட்லி வச்சிருக்கு. போ, ரெண்டு தின்னுட்டு வா."

போனான். தின்றுவிட்டு வந்தான்.

மூன்றரைக்கு அம்மா கேட்டாள், "யாரு வாசிக்கப் போறது?"

"நான்தான்," என்றாள் ரூபி.

"நீ முணுமுணுன்னு வாசிப்ப. ஏலே கிருஷ்ணா, நீ வாசி. மைக்குக்குப் பழகுன தொண்ட. கடைசி பெஞ்சுல இருக்கவனுக்கும் கேக்கணும்."

"நானாம்மா?"

"பின்ன யாரு? ஒங்கூடத்தான இருந்தான்."

தாள் ரூபியின் கையில் இருந்தது. அந்த வரி இல்லாமல் வேறொரு தாளில் எழுதித் தர ஐந்து நிமிடம் போதும். நீட்டினாள்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கிடட்டா ரூபி?"

"வண்டி வந்துட்டு," என்றாள். "பெட்டியத் தூக்கணும்ண்ணே."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான்.

கோயில் நிறைந்திருந்தது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம். போதகர் கை காட்டினார். கிருஷ்ணகுமார் போய், மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டான். தாளை விரித்தான். குரல் கடைசி பெஞ்சுவரை போனது. பிறப்பு. ஞானஸ்நானம். கேரல் ரவுண்ட்ஸ் என்றபோது சில தலைகள் ஆடின. சென்னை, பெங்களூர், துபாய். அம்மா பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தொட்டு, கேள் என்பதுபோல் சைகை செய்தாள்.

"குச்சி குழுவின் புகழ்பெற்ற..."

நிறுத்தினான்.

தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். மேலே மின்விசிறிகள் ஓடின. ஒலிபெருக்கியில் அவன் மூச்சு விடுவது கேட்டது. தலையை உயர்த்தி முன்வரிசையைப் பார்த்தான். ரூபி அவனையே பார்த்தாள்.

போதகர் லேசாக இருமினார்.

"என்னலே," என்றாள் அம்மா, முன்வரிசையிலிருந்து. "அவ எழுத்து வெளங்கலயா?"